பின் சீட்டுக்குப் போன பிரவுன் வயர்

அவருக்குக் கோபம் வராது. ஊரில் இதை அவருடைய பெரிய குணமாகச் சொல்வார்கள். நான் இதை அவர்மீது வைக்கும் முதல் குற்றமாகச் சொல்கிறேன்.

மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று உம்மா சொல்கிறார். நல்லதிலிருந்தே தொடங்குகிறேன். வாகன மின்வேலையில் டிப்ளோமா முடித்துவிட்டு நான் கல்முனைக் கராஜ்களில் வேலை கேட்டுத் திரிந்தபோது, ஒவ்வொரு முதலாளியும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், யார் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று. ஒருவர், "மகளுக்கு என்ன, ஸ்கூட்டி பழுதா?" என்றே கேட்டார். மருதமுனையில் இருந்த இந்த மனிதர் மட்டும் என் கையில் ஒரு கட்டு வயரைத் தந்து, "கலர் பிரிச்சுக் காட்டுங்க மகள்" என்றார். பிரித்துக் காட்டினேன். "நாளைக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

பெண்கள் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று என் மனதில் ஒரு பட்டியல் இருந்தது. பூட்டுப் போடக்கூடிய கழிவறை, தொழுவதற்கு ஒரு மூலை, இருட்டுவதற்கு முன் வீட்டில் விடும் வேன், தோளில் கை வைக்காத முதலாளி. நான்கும் அங்கே இருந்தன. அவரை ஊர் ஹாஜியார் என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வேலை இதுதான். பழைய பிரிட்டிஷ் கார்களைத் திருத்தி அழகாக்கி வைத்துக்கொள்ளும் ஆட்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். பெயின்ட் கிடைக்கும், டயர் கிடைக்கும், வயரிங் கிடைக்காது. கார் முழுக்க ஓடும் வயர்களெல்லாம் ஒரு கட்டாக, மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போகும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வயருக்கும் மேலே பருத்தி நூல் பின்னி, நடுவில் வேறு நிறத்தில் ஒரு இழை ஓட விட்டிருப்பார்கள். ஹாஜியார் அதை அப்படியே செய்து கொடுத்தார். முன்பு சாரன் நூல் வியாபாரம் பார்த்தவர். நூல் சாயம் அவருக்கு அத்துப்படி. எங்கள் வேலைக் கொட்டிலின் நடுவே ஒரு பெரிய ஆணிப் பலகை. கார் வயரிங்கின் வழியைப் பலகையில் கோடாகக் கீறி, வளைவுக்கு வளைவு ஆணி அடித்திருக்கும். பெண்கள் ஆணி ஆணியாக வயரை இழுத்துக் கட்டுவார்கள். கட்டி முடிந்ததைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

அவருடைய சேர்ட் பையில் எப்போதும் இஞ்சி டொபி இருக்கும். யாராவது முறைப்பாட்டோடு வந்தால் முதலில் ஒரு டொபி. வாயில் டொபி இருக்கும்போது சத்தம் போட முடியாது என்பதை அவர் எங்கே கற்றாரோ தெரியாது. பிறகு, "ஓம், நீங்க சொல்றது சரிதான்" என்பார். பிறகு, "பாப்பம்" என்பார். பிறகு ஒன்றும் நடக்காது.

வேன் சாரதி பேய் ஓட்டம் ஓட்டுகிறான் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னோம். "ஓம் மக்காள், நான் கதைக்கன்" என்றார். கதைத்திருப்பார், சாரதிக்கும் ஒரு டொபி கிடைத்திருக்கும். வேன் அதே ஓட்டம்தான். நாங்கள் ராத்தா என்று கூப்பிடும், நூல் பின்னும் அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல், "மனுசரா நாங்க, இல்ல ஆட்டுக்குட்டியா, இப்பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு போறான்?" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினார். அவர் முகம் வாடவில்லை. மெதுவாக எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"ராத்தாக்கு இன்டைக்குச் சுகமில்ல போல. களைச்சுப் போயிட்டா. நாளைக்கு லீவு குடுங்க."

ராத்தா ஒரு நாள் லீவில் இருந்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வந்தார். "என்ன கா, ஹாஜியார்கிட்டப் போய் அப்பிடிக் கத்திட்டேனே" என்று எங்களிடம் வெட்கப்பட்டார். வேனைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. இதுதான் அவருடைய வேலை முறை. நீங்கள் கோபப்பட்டால் அவர் அதை உங்கள் நோயாக்கிவிடுவார். நோயாளிக்கு இரக்கம் கிடைக்கும், பதில் கிடைக்காது.

இனி வயர்.

மைனர் என்ற பழைய சிறு கார்களுக்கான ஆணிப் பலகையில், பின் சீட்டுப் பக்கம் ஒரு பிரவுன் வயர் போனது. அந்தக் காலத்து வயரிங்கில் பிரவுன் என்றால் பெட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். இடையில் பியூஸ் கிடையாது. முன்பக்கத்தில் ஒரு பிரவுன் இருப்பது நியாயம். ஆனால் இது பின் சீட்டுக்குக் கீழே போய், எதோடும் சேராமல், நுனியில் டேப் சுற்றி மடித்துக் கட்டப்பட்டிருந்தது. நான் அந்தக் காரின் அச்சிட்ட வயரிங் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படத்தில் அப்படி ஒரு வயர் இல்லை.

"ஹாஜியார், இது என்னத்துக்கு?"

"அசல்ல இரிக்கி மகள்."

"புத்தகத்தில இல்லையே."

"புத்தகம் வேற, வண்டி வேற. நான் வண்டியப் பாத்துத்தான் பலகை அடிச்ச. ஒரு கைவெச்ச வண்டியில்ல, சொக்க அசல் வண்டி."

அவருடைய பெருமையே அதுதான். தன் கையில் கிடைத்த ஒரு பழைய மைனரிலிருந்து வயரிங்கைக் கழற்றி, நூல் நூலாகப் பார்த்து அடித்த பலகை அது. அவர் செய்த வயரிங் வாங்கியவர்களும் அந்தப் பெருமையில் பங்கு எடுத்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, பார்சலைப் பிரித்து, முதலில் தேடியது பின் பிரவுனைத்தான். இருக்கிறது என்று கண்டதும், "அப்ப இது ஒரிஜினல்" என்று தலையாட்டினார். மற்ற இடங்களில் செய்கிற வயரிங்கில் அது இல்லையாம். இருக்காதுதானே.

பிறகு ஒருநாள் அறிவித்தல் காக்கா வந்தார். ஊரில் கூட்டம், விளையாட்டுப் போட்டி, காணாமல்போன மாடு, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நாள், எல்லாவற்றையும் ஒரு காரில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராக அறிவித்துத் திரிந்தவர். குரல் இன்னும் உடையவில்லை. மகனுடைய காருக்கு ஏதோ கேட்க வந்தவர், ஆணிப் பலகையைக் கண்டு நின்றார். குனிந்து பார்த்தார். விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பின்பக்கம்வரை போனார்.

"அட, இது நான் வித்த மைனரல்லவா! ஹாஜியார், இந்தா இந்தப் பிரவுன், இது என்ட அம்ப்ளிபயருக்கு நான் இழுத்த வயரல்லவா!"

பெண்கள் கட்டுவதை நிறுத்தினார்கள்.

"வரிப்பத்தான்சேனைக்குத் தண்ணி அறிவித்தல் சொல்லப் போறன், பியூஸ் பத்துது. மாத்தினா மறுகாவும் பத்துது. சனியனே என்டு போட்டு, பியூஸே வேணாம் என்டு நேரா பெட்டரியில இருந்து இழுத்துட்டன். என்ட களவு வயரையா கொழும்பான் தேடி வந்து வாங்குறான்?"

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையை வாய்க்குக் குவித்து, அறிவித்தல் குரலில் தொடங்கினார்: "அன்பார்ந்த பொதுமக்களே! காணாமல்போன வயர் ஒன்று மருதமுனையில் கண்டெடுக்கப்பட்டுள்ளது! உரியவர் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளலாம்!"

எல்லாரும் சிரித்தோம். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் ஹாஜியார். காக்காவுக்கு டொபி, தேத்தண்ணி, இன்னொரு தேத்தண்ணி. நானும் நிம்மதியாகச் சிரித்தேன். கண் முன்னால் தெளிவாகிவிட்ட ஒரு பிழை, இனித் திருத்தப்பட்டுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை போனபோது பெண்கள் அதே ஆணிகளில் அதே பிரவுனை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் யோசித்துக்கொண்டு போய் அவர்முன் மூன்று வழிகளை வைத்தேன். வயரை எடுத்துவிடலாம். எடுக்க மனமில்லை என்றால் நடுவில் ஒரு பியூஸ் வைக்கலாம். அதுவும் பார்வைக்குக் கெட்டது என்றால், வயர் கிடக்கட்டும், முன்பக்கத்தில் பெட்டரியோடு சேர்க்காமல் விடலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் இருக்கும், கரண்ட் மட்டும் இராது.

"அந்தக் கடைசி வழி சரியான கெட்டித்தனம் மகள். அதச் செய்வம்." பெண்களைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, படிச்ச புள்ள என்டா இதுதான்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் அதைச் சொன்னேன். வாப்பாவுக்குப் பெருமை.

அடுத்துச் சோதனைக்கு வந்த வயரிங்கில் பிரவுன் முன்பக்கத்தில் இறுக்கமாகச் சேர்த்து ஈயம் வைக்கப்பட்டிருந்தது. ராத்தாவிடம் கேட்டேன். "ஹாஜியார்தான் சேர்க்கச் சொன்ன கா" என்றார். அவரிடம் போனேன். டொபியை நீட்டினார், வாங்கவில்லை.

"ஹாஜியார், செய்வம் என்டு சொன்னீங்களே?"

"ஓம் மகள். மறுகா பாப்பம்."

"என்ன மறுகா? அது சீட் ஸ்பிரிங்கில உரஞ்சினா நெருப்புப் பத்தும். இடையில தடுக்க ஒன்டுமே இல்ல."

அப்போதுதான் அவர் என்னிடம் ஒரேயொரு நேரான வசனம் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"போன வண்டிகளுக்கெல்லாம் சேர்த்துத்தானே குடுத்த. இனிச் சேர்க்கல்ல என்டா, அதெல்லாம் பிழை என்டு ஆகிடும்தானே மகள்."

அந்த வசனத்தைப் பல தடவை என் மனதில் கழற்றிப் பூட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் எந்த இடத்திலும் கார்களில் ஏறும் மனிதர்கள் இல்லை.

எரிந்தது சாய்ந்தமருதுக் கலியாணக் கார். கலியாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டும் ஒரு சாரதி, வெள்ளை மைனர் ஒன்றைத் திருத்தி, எங்களுடைய வயரிங்கைப் போட்டு, பூவும் நாடாவும் கட்டி வைத்திருந்தார். அன்று கலியாணம் முடிந்த மறுநாள். பெண்ணும் மாப்பிள்ளையும் நற்பிட்டிமுனையில் இருந்த மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் போனார்கள். பெண்ணின் சின்னத் தங்கை, புது நைலோன் சட்டையோடு, நானும் வருவேன் என்று அழுது பின் சீட்டின் ஓரத்தில் ஏறிக்கொண்டாள்.

வயலுக்கு நடுவே போகும் வீதியில் பிள்ளை, "காலடியில சுடுது" என்றாள். "வெயில் புள்ள, கொஞ்சம் பொறு" என்று பெண் சொன்னாள். பிள்ளை கொஞ்சம் பொறுத்தாள். பிறகு புகை வந்தது. சாரதி இறங்கிப் பாய்ந்து, பொனட்டைத் திறந்து, பெட்டரி வயரை வெறுங்கையால் பிடுங்கினார், உள்ளங்கை வெந்துபோனது. மாப்பிள்ளை இரண்டு பேரையும் இழுத்து வெளியே போட்டார். பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை. பிள்ளையின் சட்டை உருகிக் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது.

எரிந்த வயரிங்கை அன்றே கொட்டிலுக்குக் கொண்டு வந்தார்கள். நான் அதைப் பலகைமீது விரித்தேன். சிவப்பு, பச்சை, கறுப்பு எல்லாம் மேலே கருகியிருந்தன. உள்ளே செம்பு நல்லபடி இருந்தது. பிரவுன் மட்டும் முன்னாலிருந்து பின்னால்வரை உள்ளேயிருந்து வெந்திருந்தது. நுனியில், சீட் ஸ்பிரிங்கில் பட்ட இடத்தில், செம்பு உருகி மிளகளவு உருண்டையாகத் திரண்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஹாஜியார் பக்கத்தில் நின்று அந்த உருண்டையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ராத்தாவிடம், "இத மடிச்சு அங்கால வைங்க" என்றார். என்னிடம், "ஆஸ்பத்திரிக்குப் போவம், புள்ளையப் பாக்கோணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவர் இருந்த அழகைப் பார்க்க வேண்டும். திராட்சைப் பழம், பிள்ளைக்குப் பொம்மை, சாரதிக்குத் தைலம். பிள்ளையின் வாப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிலைச் சுற்றிக் குடும்பம். பிள்ளையின் உம்மா தலைமாட்டில். அவருடைய தங்கை கால்மாட்டில். அந்தத் தங்கைக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். பிள்ளை அவரைச் சாச்சி என்று கூப்பிட்டு, அவர் விரலை விடாமல் பிடித்திருந்தாள்.

வாப்பா கேட்டார், "என்னத்தால பத்தின ஹாஜியார்? புது வயரிங்தானே?"

"அல்லாஹ்ட நாட்டம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, யாரையும் பார்க்காமல், பூப்போலச் சொன்னார்: "வடிவான கார். வடிவான பொண்ணு மாப்பிள. சனம் பாத்த பார்வை இரிக்கே... கண்ணூறு என்டும் ஒன்டு இரிக்கிதானே."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். கலியாணத்தன்று சாச்சி அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "என்ன வடிவு, என்ன வடிவு" என்று சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். கண்ணூறு படாதிருக்கச் சொல்லும் 'மாஷா அல்லாஹ்'வை அவர் சொன்னதை யாரும் கேட்டிருக்கவில்லை. பிள்ளையின் உம்மா தலையைத் திருப்பித் தன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். சாச்சியும் கண்டார். பிள்ளையின் கையிலிருந்து தன் விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

நான் சொன்னேன். குரலை உயர்த்தாமல், எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "கண்ணூறு இல்ல. அது எங்கட வயர். காருக்குத் தேவையில்லாத வயர். பியூஸ் இல்லாம பின் சீட்டுக்குக் கீழ போட்டிருந்த. எரிஞ்சத நான் பாத்தன். ஹாஜியாரும் பாத்தாரு."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு இரக்கம்.

"மகள் பயந்திட்டா. இந்தப் புள்ளைட காலப் பாத்ததும் களைச்சுப் போயிட்டா. கீழ வேன் நிக்கி. வீட்ட போய்க் கொஞ்சம் படுங்க மகள்."

பிள்ளையின் வாப்பா, தன் மகள் கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கும் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைத் தேற்றினார்: "ஓம் தங்கச்சி, போய்ப் படுங்க. நாங்க இரிக்கம்தானே."

அன்றோடு வேலையை விட்டேன்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த கார்க்காரர்களுக்கெல்லாம் போன் எடுத்தேன். சோதனை செய்து அனுப்பியவள் என்பதால் நம்பர்கள் என்னிடம் இருந்தன. பெட்டரியைக் கழற்றி, பின் சீட்டைத் தூக்கி, அந்தப் பிரவுனை வெட்டிவிடுங்கள் என்றேன். ஒருவர், "ஹாஜியார் சொல்லட்டும், வெட்டுறன்" என்றார். ஒருவர், "ஹாஜியாரோட என்ன பிரச்சின உங்களுக்கு?" என்றார். கொழும்பிலிருந்து ஒருவர், அதை வெட்டினால் காரின் மதிப்புப் போய்விடும் என்று எனக்கு விளக்கம் சொன்னார். சிலர் வெட்டினார்கள். பலர் வெட்டவில்லை. ஹாஜியாரிடம் அவர்கள் கேட்டால் அவர் என்னைக் குறை சொல்வதில்லையாம். "நல்ல புள்ள, கெட்டிக்காரி. அந்தச் சம்பவத்தோட கொஞ்சம் மனசு குழம்பிட்டு" என்பாராம். வாப்பா என்னிடம், "உப்புத் திண்ட இடம் மகள், விட்டுரு" என்றார். நான் அங்கே தின்றது உப்பில்லை, டொபி என்றேன்.

பிள்ளையைப் பார்க்கப் போனேன். நொண்டாமல் நடக்கிறாள், ஆனால் கெண்டைக்காலின் தோல் இறுகிக் கிடக்கிறது. சாச்சியைக் காணவில்லை. கேட்டேன். "அவ இந்தப் படி மிதிக்கேலா" என்றார் பிள்ளையின் உம்மா. "கண்ணூறு இல்ல ராத்தா, வயர்" என்று மறுபடியும் சொன்னேன். "ஹாஜியார் பொய் சொல்ற மனுசனா?" என்று கேட்டார். பிள்ளை உள்ளேயிருந்து, "சாச்சி வந்திட்டாவா?" என்று ஓடி வந்து, என்னைக் கண்டு திரும்பிப் போனாள்.

ஹாஜியார் மௌத்தானது நெஞ்சு வருத்தத்தில். பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் எழுந்து நின்று, வாப்பாவால் யாருக்காவது மனக்கஷ்டம் வந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாராம். எங்கள் ஊர்களில் எல்லா ஜனாஸாவிலும் கேட்பதுதான். "பொறுத்தோம், பொறுத்தோம்" என்று பள்ளியே முழங்கியதாம். எங்கள் வாப்பாவும் முழங்கியிருக்கிறார்.

சில நாட்கள் கழித்து அவருடைய மனைவி எனக்கு ஆளனுப்பினார். போனேன். மாமி வெள்ளைச் சேலையில், கணவன் இறந்தவர் வெளியே போகாமல் இருக்கும் இத்தாவில், அறைக்குள் பாயில் இருந்தார். சுற்றிவர ஐந்தாறு பெண்கள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"மகள், எல்லாரும் பொறுத்துக் குடுத்திட்டாங்க. உங்களுக்கிட்டக் கேக்கச் சொல்லித்தான் மனுசன் கடைசியாச் சொன்ன. 'அந்தப் புள்ள சொன்னது சரி. வயர் பிழைதான். அவக்கிட்டப் பொறுப்பு வாங்கு' என்டாரு. அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக் குடுங்க மகள்."

தெரிந்திருக்கிறது. உருகிய செம்பை அன்று நீண்ட நேரம் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கினார். தெரிந்துகொண்டுதான் கண்ணூறு என்றார். கடைசியில் கேட்டாரே, அதையும் என்னிடம் கேட்டார். என்னிடம் கேட்பது இலகு. நான் 'சரி' என்று சொல்லிவிட்டால் விஷயம் அந்த அறைக்குள்ளேயே அடங்கிவிடும்.

"எனக்கு ஒன்டும் எரியல்ல மாமி" என்றேன். "எரிஞ்சது அந்தப் புள்ளைட கால். அவக்கிட்டக் கேளுங்க. கேக்க முந்தி அது ஏன் எரிஞ்ச என்டு சொல்லுங்க. இன்னும் எத்தினையோ கார் அந்த வயரோட ஓடுது. அவங்களுக்கும் சொல்லுங்க. மறுகா வந்து என்னக் கேளுங்க."

"மௌத்து வீட்டில கதைக்கிற கதையா இது?" என்றது ஒரு குரல்.

"இந்தப் புள்ளைக்குக் கல்லு மனசு" என்றது இன்னொன்று.

மாமி அவர்களைப் பார்க்கவில்லை. "நான் இத்தாவில இரிக்கன். வாசல் தாண்டேலா. எப்பிடிப் போற?"

"போன் இரிக்கி மாமி."

"சொன்னா மனுசன்ட பேர் என்னாகும்?"

"சாச்சிட பேர் என்னாச்சு என்டு கேளுங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தன் கணவர் சொன்ன சொல்லை அவர் அறிந்திருக்கவில்லை. சொன்னேன். கால்மாட்டில் நின்றவரைப் பற்றியும், எடுக்கப்பட்ட விரலைப் பற்றியும், மூடப்பட்ட படியைப் பற்றியும் சொன்னேன். மாமி என் கையை விட்டார். "எடுங்க" என்றார்.

நான் பிள்ளையின் உம்மாவுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பாயில் வைத்தேன். சலாம் முடிந்ததும் அந்தப் பக்கம் அழுகை. "ஹாஜியார் போயிட்டாரே மாமி, எங்களப் புள்ள மாதிரிப் பாத்த மனுசன்..."

"புள்ள, கொஞ்சம் கேளுங்க. உங்கட மகள்ட கால் எரிஞ்சது கண்ணூறில்ல. அது எங்கட வயரால. எங்கட பிழ. மனுசனுக்குத் தெரியும்."

"அப்பிடிச் சொல்லாதீங்க மாமி. ஹாஜியார் தங்கமான மனுசன்."

"தங்கமோ என்னவோ, வயர் எங்கட வயர்!" மாமி கத்தினார். "அவரே சொல்லிட்டுத்தான் மௌத்தான. கண்ணூறு என்டது பொய். யாருட கண்ணுமில்ல. விளங்கிட்டா?"

அந்தப் பக்கத்திலிருந்து, தனக்குத்தானே பேசும் ஒரு குரலில்: "அப்ப என்ட தங்கச்சி... யா அல்லாஹ். பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டு வந்து வாசல்ல நின்டாளே. நான் கதவச் சாத்தினேனே." போன் எங்கேயோ விழுந்த சத்தம். காலடிச் சத்தம் தூரப் போனது. பிள்ளை, "உம்மா, எங்க ஓடுற?" என்று கேட்பது கேட்டது.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை அப்படியே மிச்சமாகக் கிடந்தது. மாமி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மறுபடியும் பொறுத்துக் கொடுக்கும்படி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

"மத்தக் கார்க்காரர்ட நம்பர் இரிக்கா?"

"இரிக்கி மாமி."

"இத்தாவில அந்நிய ஆம்புளையளோட நான் கதைக்கேலா. நீங்க எடுத்து, பொண்டாட்டிமார்ட போனக் குடுக்கச் சொல்லுங்க. அவங்களுக்குச் சொல்லுவன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "எனக்கு இந்த வயர் மண்ணாங்கட்டி ஒன்டும் தெரியா. என்ன சொல்லோணும், வரிசையாச் சொல்லித் தாங்க."

"முதல்ல பெட்டரியக் கழட்டச் சொல்லுங்க மாமி. மறுகாத்தான் பின் சீட்டத் தூக்கோணும்."